மாசும் தீட்டும்: பாலாற்றின் வழியாக ‘நீடித்த வளர்ச்சி’யை வாசித்தல்

1

ஆங்கிலத்தில் ஒரே சொல்தான். ஆற்றில் ஆலைக் கழிவு கலந்தால் அது பொல்யூஷன். சாவு வீட்டுக்குப் போய்வந்தவர் குளிக்காமல் அடுப்படிக்குள் நுழைந்தால் நேர்வதாகச் சொல்லப்படுவதையும் மானுடவியலாளர்கள் அதே சொல்லால்தான் எழுதுகிறார்கள். இந்தியச் சாதியமைப்பைப் பற்றி 1966இல் லூயி துய்மோன் எழுதிய பெரிய நூல் தூய்மை, தூய்மைக்கேடு என்ற எதிர்மையின்மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. தமிழில் நமக்கு இரண்டு சொற்கள் உண்டு: மாசு, தீட்டு. மாசுக்கு வாரியம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்கிற அளவுகோல் இருக்கிறது. தீட்டுக்கு அப்படி எதுவும் இல்லை. அது வீட்டுக்குள், தெருவுக்குள், உடம்புக்குள் நடக்கிற விஷயம். அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டதால் அதைப் பற்றி இனிமேல் பேச என்ன இருக்கிறது என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

இரண்டு சொற்கள் இருப்பதாலேயே இரண்டும் வெவ்வேறு விவகாரங்கள் என்று நாமும் நம்பிக்கொண்டிருக்கிறோம். நம் சூழலில் சூழலியல் பேசுகிற நண்பர்கள் ஒருபக்கம் கூட்டம் போடுகிறார்கள். சாதி ஒழிப்பு பேசுகிற நண்பர்கள் வேறொரு பக்கம் கூட்டம் போடுகிறார்கள். ஒருவர் துண்டறிக்கையில் மற்றவருடைய சொல் வருவதேயில்லை. இந்தப் பிரிவினை எப்படி வந்தது, அதனால் யார் கண்ணுக்குத் தெரியாமல் போனார்கள் என்பதுதான் என் கேள்வி.

இதைப் பேசப் பாலாற்றுப் படுகையின் தோல் பதனிடும் தொழிலை எடுத்துக்கொள்கிறேன். காரணம் எளிமையானது. ‘நீடித்த வளர்ச்சி’ என்ற கருத்தாக்கம் இந்தியச் சட்டத்துக்குள் அழுத்தமாகக் காலூன்றியது வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் சாக்கடை வழியாகத்தான். 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்துபவரே அதற்கான விலையைத் தரவேண்டும் என்ற கோட்பாடும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு அறிவித்தது. இன்றுவரை சட்டக் கல்லூரிகளில் பாடம் அது. அந்தப் பாடத்துக்குள் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதை வாசிக்க வேண்டியிருக்கிறது.

2

தோல் தொழிலின் வரலாற்றை ஆலைகளிலிருந்து தொடங்குவது வழக்கம். நான் ஒரு கிணற்றிலிருந்து தொடங்குகிறேன்.

மோட்டார் வருவதற்கு முன் தமிழ்நாட்டுக் கிணறுகளில் மாடு கட்டித் தண்ணீர் இறைத்த கவலையின் வாய்ப்பகுதியில் தோல்தான் இருந்தது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் தண்ணீரிலேயே கிடந்தால் சீக்கிரம் நைந்துபோகும். சென்னைக் கலைப் பள்ளியின் பொறுப்பிலிருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1903 வாக்கில் குரோம் உப்பால் தோலைப் பதனிடும் சோதனைகளை இங்கே தொடங்கியபோது, அவர் மனதில் இருந்த பயன்களில் ஒன்று இந்தக் கவலைத் தோல். குரோம் தோல் தண்ணீருக்கு அசையாது. உழவனின் கிணற்றுக்கு உதவட்டும் என்று வந்த ரசாயனம் அது. நீர் இறைக்க வந்த குரோமும் அதன் கூட்டாளிகளும் பின்னாளில் அதே கிணறுகளை மூடவைத்தன. சென்னை தாண்டி மின்சார ரயிலில் போகிறவர்களுக்குத் தெரிந்த குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயரே அங்கே அமைந்த குரோம் தோல் ஆலையிலிருந்து வந்ததுதான். நம்முடைய ஊர்ப்பெயர் ஆய்வுகள் பல்லவன் பெயரையும் சோழன் பெயரையும் தேடும் அளவுக்கு இந்தப் பெயரைத் தேடியதில்லை.

அதற்கு முன்னால் என்ன இருந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்திலிருந்து லண்டனுக்குப் போன தோல், ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் அரைகுறையாகப் பதனிடப்பட்ட தோல். வணிக உலகில் அதற்குக் கிழக்கிந்தியத் தோல் என்று பெயர். இங்கே அழுக்கான பாதி வேலை. அங்கே மெருகேற்றும் மீதி வேலை. காசு இருந்தது அந்த மீதியில்தான். உள்ளூரில் இந்தச் சரக்கைக் கையாண்டவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் வணிகர்கள். தோலைத் தொட்டால் தீட்டு என்று சாதி இந்துக்கள் ஒதுங்கி நின்ற இடத்தில் அவர்கள் தொழில் கட்டினார்கள். சுண்ணாம்புக் குழியில் இறங்கி, மயிர் நீக்கி, சதை சுரண்டியவர்கள் பெரும்பாலும் பறையர்களும் அருந்ததியர்களும். இந்த அடுக்கு எந்தத் திட்டக் குழுவும் போட்ட அடுக்கில்லை. கொள்கை என்ற ஒன்று வருவதற்கு முன்னாலேயே கழிவு எங்கே போகவேண்டும், யார் கையில் ஒட்டவேண்டும் என்பது தீர்மானமாகியிருந்தது.

3

1972 ஜூன் மாதம் ஸ்டாக்ஹோமில் ஐக்கிய நாடுகளின் மனிதச் சுற்றுச்சூழல் மாநாடு நடந்தது. அங்கே இந்திரா காந்தி பேசிய பேச்சு புகழ்பெற்றது. வறுமையும் தேவையும்தானே மிகப் பெரிய மாசுபடுத்திகள் என்ற பொருளில் அவர் ஒரு கேள்வி கேட்டார். பணக்கார நாடுகளைப் பார்த்துக் கேட்ட அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால் அதே 1972இல் அதே அரசாங்கம் தோல் தொழிலுக்காக சீதாராமையா குழுவை அமைத்திருந்தது. கச்சாத் தோலாகவும் அரைகுறைத் தோலாகவும் ஏற்றுமதி செய்து எத்தனை காலம்தான் ஏமாறுவது, முழுதாகப் பதனிட்ட தோலாக, செருப்பாக, பையாக விற்றால் அந்நியச் செலாவணி பல மடங்கு வருமே என்பது அந்தக் குழுவின் தர்க்கம். 1973இல் கச்சாத் தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. அரைகுறைத் தோலுக்கு வரம்பு வந்தது.

காலனியச் சுரண்டலின் ஒரு முடிச்சை அவிழ்த்த முடிவு அது. அதை இன்றும் தவறு என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்த முடிவில் ஒரு ரசாயனக் கணக்கு ஒளிந்திருந்தது. உலகச் சந்தை கேட்ட மெருகுத் தோலுக்குக் குரோம் வேண்டும், சாயம் வேண்டும். ஐரோப்பாவில் சட்டங்கள் இறுகி, கூலி உயர்ந்து, பதனிடும் ஆலைகள் குறைந்துகொண்டிருந்த காலமும் அதுதான். அவர்களுக்கு வேண்டாத வேலை நமக்கு வளர்ச்சியாக வந்து சேர்ந்தது. ‘மதிப்புக் கூட்டல்’ என்ற சொல்லைப் பொருளாதாரத்தில் எல்லோரும் கூசாமல் பயன்படுத்துகிறோம். மதிப்பைக் கூட்டும்போது கூடவே கூடுவது எது என்பதற்கு அந்தத் துறையில் சொல்லே இல்லை.

இங்கே ஆய்வு நிறுவனத்தின் இடத்தையும் சொல்லவேண்டும். மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் சென்னையில் 1948இல் தொடங்கப்பட்டது. அதன் இயக்குநராக நெடுங்காலம் இருந்த ஒய். நாயுடம்மா, அறிவியல் ஏழைத் தொழிலாளியிடம் போய்ச் சேரவேண்டும் என்று உண்மையாகவே நம்பியவர்களில் ஒருவர். தோலைத் தொடுவது இழிவு என்று கருதப்பட்ட நாட்டில் தோலை ஆய்வுக்கூடத்தின் மேசைமேல் வைத்ததே ஒரு சமூகச் செயல். தீட்டான பொருள் அறிவியல் பொருளாயிற்று. ஆனால் பொருளைத்தான் மேசைக்கு ஏற்றினார்கள். அதைக் கழுவியவன் தொட்டியிலேயே நின்றான். குரோமைப் பிரித்தெடுத்து மீண்டும் பயன்படுத்தும் முறை, பின்னாளில் நீரில்லாக் குரோம் பதனிடல் என்று அந்த நிறுவனம் மாசைக் குறைக்கும் வழிகளையும் கண்டுபிடித்துத் தந்திருக்கிறது. அவற்றின் பயனை அளந்த அலகுகள் நீரும் ரசாயனமும். தொட்டிக்குள் இறங்கும் கால்களை அளக்க அந்த அளவுகோல்களில் கோடு போடப்படவில்லை.

4

பாலாற்று மாசு என்றதும் எல்லோரும் குரோம் என்பார்கள். குரோம் பயங்கரமானதுதான். வழக்கமான முறையில் தோல் எடுத்துக்கொள்வது போட்ட குரோமில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குத்தான். மீதி கழிவோடு போகிறது. ஆனால் நிலத்தைக் கொன்றதில் பெரும்பங்கு நம் அடுப்படியில் இருக்கும் சாதாரண உப்புக்கு.

ஆடுமாடுகளின் தோல் உரித்தவுடன் அழுகாமலிருக்க அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக உப்பைத் தடவி வைப்பார்கள். ஆலைக்கு வந்ததும் முதல் வேலை ஊறவைத்து அந்த உப்பை வெளியேற்றுவது. ஒரு கிலோ தோலுக்கு ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் என்கிறது 1996 தீர்ப்பு. பாலாறு மேலே மணலும் கீழே நீருமாக இருக்கும் ஆறு. வருஷத்தில் சில நாள் வெள்ளம். மற்ற நாளெல்லாம் மணலுக்கு அடியில் ஓட்டம். அந்த அடிநீரை ஊற்றுக்கால்வாய் வெட்டி ஏரிக்கும் வயலுக்கும் கொண்டுபோன மக்கள் அவர்கள். ஆற்றின் மேல் ஊற்றியதெல்லாம் ஆற்றுக்குள் இறங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். கரையோரத்துக் கிணறு உப்பானது. தென்னை காய்ப்பு நின்றது. நெல் முளைக்கவில்லை. வேலூரிலிருந்த தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தை மேற்கோள் காட்டித் தீர்ப்பு சொல்லும் கணக்கு: தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாததாகிவிட்டது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த கணக்கெடுப்பில் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன.

அரசு சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. 1974இல் நீர்ச் சட்டம் வந்தது. 1982இல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது. 1989 மார்ச்சில் நீர்நிலைகளுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் கடும் மாசு தரும் ஆலைகளை வைக்கக் கூடாதென்று 213ஆம் எண் அரசாணை போட்டார்கள். தொண்ணூறுகளில் சிறு ஆலைகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டின. இந்த நிலையங்கள் அழுகும் பொருளைக் குறைத்தன, குரோமை வண்டலாக இறக்கின. கரைந்த உப்பை என்ன செய்வதென்று அவற்றுக்குத் தெரியவில்லை. உப்பு கரைந்த நீர் ‘சுத்திகரிக்கப்பட்ட’ நீராகவே ஆற்றுக்குப் போனது. பின்னர் எதிர்சவ்வூடுபரவல், கழிவுநீரே வெளிவராத முறை என்று வந்தபோது உப்பு நீரிலிருந்து பிரிந்து ஆலை முற்றத்தில் குவியலாக நின்றது. வண்டல் ஒரு கிடங்கில் குவிந்தது. ராணிப்பேட்டையில் குரோம் ரசாயனங்கள் தயாரித்த ஓர் ஆலை தொண்ணூறுகளின் நடுவில் மூடப்பட்டபோது லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு அங்கேயே விடப்பட்டது. தோலில் ஏறும் குரோமைவிடப் பன்மடங்கு நச்சான ஆறிணைத்திறன் குரோமியம் அந்தக் குவியலில் இருக்கிறது. மழை வரும்போதெல்லாம் அது கசிகிறது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நீரில் இருந்தது வண்டலுக்குப் போனது. வண்டலில் இருந்தது கிடங்குக்குப் போனது. ஆற்றில் இருந்த உப்பு முற்றத்துக்கு வந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் ஆய்வறிக்கை இருக்கிறது, ஓர் அரசாணை இருக்கிறது, மானியம் இருக்கிறது. மாசு ஒழிக்கப்பட்டதாகக் கோப்பு மூடப்பட்ட இடத்திலெல்லாம் உண்மையில் அது இடம் மாற்றப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

எது விரைவாக மாறும் என்பதற்கும் இங்கே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் பயன்பட்ட பென்டாகுளோரோபீனால் என்ற ரசாயனத்தை ஜெர்மனி 1989இல் தடை செய்தது. தொண்ணூறுகளின் நடுவில் சில அசோ சாயங்களையும் தடை செய்தது. சரக்கு திரும்பி வரும் என்றதும் ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் அவற்றுக்கு மாற்று தேடும் வேலை மளமளவென்று நடந்தது. 1997இல் இந்தியாவும் அந்தச் சாயங்களைத் தடை செய்தது. ஐரோப்பிய நுகர்வோரின் தோலில் படக்கூடாதது என்று தெரிந்தவுடன் தொழில்நுட்பம் சாத்தியமாகிவிட்டது. பேரணாம்பட்டுக் கிணற்றுக்கு அந்த வேகம் கிடைக்கவில்லை. உலகச் சந்தைக்கும் ஒரு தீட்டுக் கணக்கு உண்டு. யாருடைய தோலைக் காக்க வேண்டும் என்று அது முன்கூட்டியே முடிவு செய்திருக்கிறது.

5

இனி தீர்ப்புக்கு வருகிறேன். 1991இல் தொடுக்கப்பட்ட வழக்கு அது. வேலூர், ஆம்பூர்ப் பகுதிக் குடிமக்களும் விவசாயிகளும் காட்டிய பிடிவாதம் இல்லாமல் அது நடந்திருக்காது. தோல் தொழில் அந்நியச் செலாவணி ஈட்டுகிறது என்பதற்காகச் சூழலை அழிக்கும் உரிமை அதற்குக் கிடையாது என்ற பொருள்பட நீதிமன்றம் சொன்னது. ஆலைக்கு 10,000 ரூபாய் அபராதம் போட்டது. இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையத்தை அமைக்கச் சொன்னது. இத்தகைய வழக்குகளுக்கென்று சென்னை உயர் நீதிமன்றத்தில் தனியாகப் பசுமை அமர்வு ஒன்றை அமைக்கும்படி கேட்டுக்கொண்டது. இவை சிறிய காரியங்களல்ல. அந்தக் காலத்தில் சுற்றுச்சூழலுக்கு வந்த தீர்ப்பையெல்லாம் ‘நடுத்தர வர்க்கத்து விஷயம்’ என்று ஒதுக்கிய இடதுசாரி நண்பர்களின் பார்வையை நான் ஏற்கவில்லை.

ஆனால் பிரதியை மெதுவாக வாசிக்க வேண்டும். தீர்ப்பு 1972 ஸ்டாக்ஹோமைச் சொல்கிறது, 1987இன் புருந்த்லாந்து அறிக்கையைச் சொல்கிறது, 1992 ரியோவைச் சொல்கிறது. நிகழ்காலத் தேவையை நிறைவேற்றும்போது வருங்காலத் தலைமுறையின் தேவைக்குக் குந்தகம் வரக்கூடாது என்ற புருந்த்லாந்து வரையறை இன்று எல்லார் வாயிலும் இருக்கிறது. இரண்டு தலைமுறைகளுக்கு இடையில் ஒரு நியாயத்தை அது பேசுகிறது. ஒரே தலைமுறைக்குள், ஒரே ஊருக்குள், ஊருக்கும் சேரிக்கும் இடையில் இருக்க வேண்டிய நியாயம்? அந்த அறிக்கையின் தலைப்பில் ‘நமது’ என்ற சொல் இருக்கிறது. ‘நமது’ யாருடையது என்று கேட்காத வரை அது மிக அழகான சொல்.

தமிழில் இந்தக் கருத்தாக்கத்தை நீடித்த வளர்ச்சி, நிலைத்த வளர்ச்சி, பேண்தகு வளர்ச்சி, வளங்குன்றா வளர்ச்சி என்று பலவாறு பெயர்த்திருக்கிறோம். எது சரி என்று கருத்தரங்கில் சண்டை போடுகிறோம். எம்.ஏ. தமிழ் படித்தவன் என்கிற முறையில் எனக்கும் அந்தச் சண்டை பிடிக்கும். ஆனால் எந்தப் பெயர்ப்பிலும் ஓர் எழுவாய் இல்லை என்பதைக் கவனியுங்கள். நீடிப்பது எது, குன்றாமல் இருப்பது யாருடைய வளம், பேணுகிறவர் யார் என்பதையெல்லாம் மறைத்துவிடுகிற இலக்கணம் அது.

ஆணையம் 2001 மார்ச் மாதம் வேலூர் மாவட்டத்துக்கான இழப்பீட்டை அறிவித்தது. 547 ஆலைகள், ஏறத்தாழ 29 ஆயிரம் பேருக்கு, 26 கோடியே 82 லட்சம் ரூபாய் தரவேண்டும். தலைக்குப் பங்கிட்டால் பத்தாயிரம் ரூபாய்கூட வராது. அதைவிட முக்கியம், கணக்கின் அலகு எது என்பது. கெட்டுப்போன விளைநிலம், குறைந்துபோன விளைச்சல் ஆகியவைதான் அடிப்படை. நிலம் இருந்தால் இழப்பு இருக்கிறது. நிலமே இல்லாதவர் எதை இழந்தார் என்று காட்டுவார்? விளையாத வயலில் களையெடுக்கப் போகமுடியாமல் போன கூலிப்பெண்ணுக்கு இழப்பின் ரசீது எங்கே கிடைக்கும்? ஆலைத் தொழிலாளியோ அந்தக் கணக்கில் பாதிக்கப்பட்டவரே இல்லை. அவர் மாசுபடுத்தும் தொழிலின் ஒரு பகுதி. ஆலை மூடினால் வேலை போகும், திறந்தால் உடம்பு போகும் என்ற இரண்டுக்கும் நடுவில் அவரை நிறுத்திவிட்டு, ‘வேலைவாய்ப்பா சுற்றுச்சூழலா’ என்று நாம் பட்டிமன்றம் நடத்தினோம். 2000களின் தொடக்கத்தில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். ஜனகராஜன் விவசாயிகளையும் ஆலை உரிமையாளர்களையும் ஒரே மேசையில் உட்காரவைக்கப் பாடுபட்டார். அதிகாரிகளுடைய அறையிலிருந்து பேச்சை வெளியே கொண்டுவந்த நல்ல முயற்சி அது. நிலமும் ஆலையும் இல்லாதவர்களுக்கும் அப்படியொரு மேசையில் நாற்காலி வேண்டும்.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்றைப் பற்றித் தீர்ப்புச் சொன்னது. 2001லும் 2009லும் அறிவித்த இழப்பீடு இன்னும் போய்ச் சேராதவர்களுக்கு அரசே முதலில் கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றது. தோல் ஆலைத் தொழிலாளரின் பாட்டைக் கையால் மலமள்ளுவோரின் பாட்டோடு ஒப்பிட்டும் பேசியது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையில் 28 வருஷம். தொழிலாளர் இப்போது தீர்ப்பின் வாசகத்துக்குள் வந்துவிட்டார். ஆனால் பணம் போகும் பாதை பழைய ஆணையம் போட்ட பாதைதான். அனுதாபத்தில் இடம் கிடைத்திருக்கிறது, கணக்கில் கிடைக்கவில்லை.

6

மேரி டக்ளஸ் அழுக்கு என்பதை இடம் தவறிய பொருள் என்று விளக்கினார். சோறு தட்டில் இருந்தால் உணவு, சட்டையில் இருந்தால் அழுக்கு. கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. பாலாற்றில் இந்த விளக்கம் தலைகீழாகிறது. அங்கே கழிவு இடம் தவறவில்லை. அதற்கென்று ஒதுக்கப்பட்ட இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது: தாழ்ந்த நிலம், கடைமடைக் கிணறு, சேரிக்காரரின் கால். தவறிய இடம் என்று நாம் பதறத் தொடங்கியது அது பட்டா நிலத்துக்குள் நுழைந்தபோதுதான். தொழிலாளியின் விரலிடுக்கில் சுண்ணாம்பு புண்ணாக்கிய காலம் முழுவதும் அது ‘தொழில்’ என்றே இருந்தது. வயலுக்கு வந்ததும் ‘மாசு’ ஆயிற்று.

இதை முன்பே அறிந்தவர்கள் இருந்தார்கள். சுற்றுச்சூழல் என்ற சொல் நம் அரசியலில் புழங்குவதற்கு முன்னமே திண்டுக்கல் தோல் ஷாப்புகளில் தொழிலாளர்கள் செங்கொடிச் சங்கம் கட்டினார்கள். கூலியோடு சேர்த்து உடம்பைப் பற்றியும் மானத்தைப் பற்றியும் பேசிய சங்கம் அது. டி. செல்வராஜின் ‘தோல்’ (2010) நாவல் அந்த உலகத்தைத்தான் எழுதியது. 2012இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது. நம் விமர்சகர்கள் அதைச் சோஷலிச யதார்த்தவாதத்தின் கடைசி மூச்சு என்பதுபோல் படித்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள். அதைச் சூழலியல் பிரதியாக வாசித்தால் ஒன்று தெரியும்: நீதிமன்ற ஆவணத்தில் இல்லாத உடம்பு அந்த நாவலில் இருக்கிறது. அடுத்த ஆய்வாளர் வேளாண் பல்கலைக்கழக அறிக்கையோடு அந்த நாவலையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு போகவேண்டும்.

1996 தீர்ப்பில் மாவட்டங்களின் பெயர்ப் பட்டியல் வருகிறது. வேலூர்ப் பகுதிக்கு அப்போது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர். 1997இல் சாதிக் கலவரங்களை அடுத்து மாவட்டங்களிலிருந்து தலைவர்களின் பெயர்களை அரசு எடுத்துவிட்டது. அந்தத் தீர்ப்பைப் படிக்கும்போது அம்பேத்கர் என்ற பெயர் வெறும் முகவரியாக நிற்பது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. 1927இல் மஹாத் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்தவர் அவர். அதற்குப் பிறகு சாதி இந்துக்கள் சாணமும் மாட்டு மூத்திரமும் தயிரும் பாலும் கலந்த குடங்களைக் குளத்தில் ஊற்றி அதைத் ‘தூய்மை’ செய்தார்கள். எந்த ஆய்வகமும் அதை மாசு என்றுதான் குறித்திருக்கும். ஊரார் அதைத் தீட்டுக் கழிப்பு என்றார்கள். இந்திய மண்ணில் தண்ணீரின் தூய்மை பற்றிய பேச்சு இந்தக் குளத்தைத் தாண்டி வந்தால்தான் நேர்மையானதாக இருக்கமுடியும்.

2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவு வண்டல் தேக்கி வைத்த தொட்டியின் சுவர் இரவில் உடைந்தது. பக்கத்து ஆலையில் படுத்திருந்த பத்துத் தொழிலாளர்கள் அந்தச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆற்றைக் காக்க எடுத்த வண்டல் அது. ஆற்றுக்குப் போகாமல் நிறுத்தப்பட்ட கழிவு மனிதர்மேல் விழுந்தது. மாசு இடம் மாறுகிறது என்று மேலே எழுதினேன். அது கடைசியாகப் போய்ச் சேர்ந்த இடம் இது. சுத்திகரிப்பு வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. சுத்திகரிப்பின் பக்கத்தில் யார் படுத்துத் தூங்குகிறார்கள் என்று கேட்காத கொள்கை பாதிக் கொள்கை என்று பொருள்.

7

இந்த வாசிப்பை இரண்டு பேர் களவாடக் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, ‘முஸ்லிம் முதலாளி, இந்து விவசாயி’ என்று இந்தக் கதையை மாற்றிச் சொல்ல நினைப்பவர்கள். 1992 டிசம்பருக்குப் பிறகு இந்த நாட்டில் எந்தத் தொழிலையும் மதத்தின் பெயரால் சுட்டுவது எவ்வளவு எளிது என்று பார்த்துவிட்டோம். தோலைத் தீட்டென்று தள்ளிவைத்தவர்களே, அந்தத் தொழிலை ஏற்றவர்களை மாசுக்காரர்கள் என்று சுட்டுவதில் ஒரு பழைய கணக்கு மறைந்திருக்கிறது. ஆலை முதலாளி சட்டப்படி பதில் சொல்லியாக வேண்டும், அவர் எந்த மதமானாலும். ஆனால் அந்நியச் செலாவணி யார் கஜானாவுக்குப் போனது, மெருகுத் தோலின் லாபம் எந்தக் கண்டத்தில் தங்கியது என்ற கேள்விகளை விட்டுவிட்டு ஆம்பூர் மசூதித் தெருவில் மட்டும் குற்றவாளியைத் தேடுவது சூழலியல் இல்லை.

இரண்டாவது, ‘ஆவாரம்பட்டைக்குத் திரும்பினால் போதும், நம் முன்னோர் இயற்கையோடு இசைந்து வாழ்ந்தார்கள்’ என்பவர்கள். ஆவாரம்பட்டைக் காலத்திலும் சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கியவர் அதே சேரிக்காரர்தான். பட்டைப் பதனிடலும் அப்படியொன்றும் அப்பாவி இல்லை. அதற்காகவும்தான் நீலகிரியிலும் பழனி மலையிலும் வாட்டில் மரங்களைப் பெருந்தோட்டங்களாக நட்டார்கள். மலையில் அதைச் சீகை என்பார்கள். சோலைகளுக்கு இடையில் கிடந்த புல்வெளிகளைத் தரிசு என்று கோப்பில் எழுதிவிட்டு அவற்றின்மேல் நட்டார்கள். மழையைப் பிடித்து ஆறுகளுக்குக் கொடுத்த புல்வெளிகள் அவை. குரோமுக்கு மாற்றான ‘பச்சை’த் தோலுக்காக மலையும் விலை கொடுத்திருக்கிறது. இயற்கையான பொருள் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு தொழில்முறை நியாயமாகிவிடாது.

அப்படியானால் என்ன கேட்கவேண்டும்? நான் கொள்கை வகுப்பவன் இல்லை. ஆனாலும் சிலவற்றைத் தெளிவாகச் சொல்லமுடியும் என்று நினைக்கிறேன். இழப்பீட்டின் அலகு நிலத்தோடு நிற்கக் கூடாது. கூலிநாளும் உடம்பும் அதில் சேரவேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீரின் மாதிரியை எடுக்கும் நாளிலேயே தொழிலாளரின் ரத்தத்தையும் தோலையும் மூச்சையும் சோதிக்கும் ஏற்பாடு வேண்டும். அந்த முடிவு அவர் கையில் தமிழிலோ, வங்கத்தில் இருந்து வந்தவர் என்றால் அவர் மொழியிலோ தரப்படவேண்டும். ஒரு கழிவை ஓரிடத்திலிருந்து நீக்கும் எந்தத் திட்டமும் அது அடுத்துப் போய்ச் சேரும் இடத்தையும், அங்கே குடியிருப்பவர் யார் என்பதையும் எழுதிவைக்காமல் ஒப்புதல் பெறக்கூடாது. ராணிப்பேட்டைக் குவியலுக்கு இன்றைக்கே இந்தக் கேள்வியைப் போடலாம். அதை அள்ளி எங்கோ கொண்டுபோவார்கள் என்றால், அந்த ‘எங்கோ’வில் எந்தத் தெரு இருக்கிறது? அள்ளப்போகிறவர்கள் யார்?

கூட்டங்களைப் பற்றியும் ஒன்று. ஆறு காக்கும் கூட்டத்தில் தோல் ஷாப்புத் தொழிலாளியின் பெயர் பேச்சாளர் பட்டியலில் இருக்கிறதா என்று அடுத்த முறை துண்டறிக்கை கைக்கு வரும்போது பாருங்கள். சாதி ஒழிப்புக் கூட்டத்தில் கிணற்று நீரின் உப்பு பற்றி ஒரு தீர்மானமாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டிலும் இல்லையென்றால், மாசு ஒருபக்கம் தீட்டு ஒருபக்கம் என்று அகராதி போட்டுவைத்த வேலியை நாமும் காவல் காத்துக்கொண்டிருக்கிறோம் என்றுதான் அர்த்தம்.